வால்வை ஒட்டிய துண்டு: ஆய்வக நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

"மேடம், சாஃப்ட்வேரே வரைந்துவிடுகிறதே, நாம் எதற்குக் கையால் வரைய வேண்டும்?" என்று புது ஆய்வு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு நோயாளியின் இதய எம்.ஆர்.ஐ.யைத் திறந்து கொடுத்தேன். இடது கீழறையைக் குறுக்குவாக்கில் துண்டு துண்டாக எடுத்த படங்கள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. தடிமன். ஒவ்வொரு துண்டிலும் அறையின் உள்விளிம்பைக் கோடாக வரைந்து கூட்டினால் அறையின் கொள்ளளவு கிடைக்கும். நடுவில் இருப்பவற்றை மளமளவென்று முடித்தாள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வை ஒட்டிய துண்டு வந்ததும் மவுஸ் நின்றுவிட்டது. ஒரு பக்கம் தடித்த தசை, மறுபக்கம் மேலறையின் மெல்லிய சுவர்.

மார்ச் 6, வியாழன்

நானும் தனியாக வரைந்தேன், ஒப்பிட்டோம். விரிந்த நிலையில் இருவருக்கும் 200 மி.லி. சுருங்கிய நிலையில் எனக்கு 126, அவளுக்கு 134. அந்த ஒரு துண்டை அவள் சேர்த்திருந்தாள், நான் சேர்க்கவில்லை. இதயம் சுருங்கும்போது வால்வு, இதயத்தின் கீழ் நுனியை நோக்கி இறங்கும். கீழறை இருந்த இடத்துக்கு மேலறை வந்துவிடும். வித்தியாசம் 8 மி.லி.தான். ஆனால் பம்பிங், அதாவது நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு, என் கணக்கில் 37 சதவீதம், அவள் கணக்கில் 33. மருந்து கொடுத்தும் 35-ஐத் தாண்டாதவர்களுக்குத்தான் பொதுவாக நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் (ஆபத்தாகத் தாறுமாறாகும் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி) வைக்கச் சொல்வார்கள்.

மார்ச் 10, திங்கள்

எம்.எஸ்ஸி. வகுப்பு. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1953 அக்டோபர் 29 அன்று டாக்டர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியால் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்த கதை. பசங்களுக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதன் பிற்பகுதி. ஏறி இறங்கிய ஓர் எதிரொலியை இடது மேலறைச் சுவர் என்றே எட்லர் முதலில் நினைத்தார். இறந்தவர்களின் இதயங்களில் சோதித்த பிறகுதான் அது மைட்ரல் வால்வின் முன் இதழ் என்று தெளிந்தது. அன்றைக்கும் இதே வால்வு!

மார்ச் 14, வெள்ளி

நீளவாக்குப் படத்தில் வால்வு சுவரோடு சேரும் இரு புள்ளிகளையும் குறித்துப் பார்த்தோம். சுருங்கிய நிலையில் அந்தத் துண்டின் பெரும்பகுதி வால்வுக்கு மேலே இருக்கிறது. விடுவதே சரி. ஆனாலும் 37 என்று ஒற்றை எண்ணாக எழுத எனக்குச் சம்மதமில்லை. 35 என்ற எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

மாலை நிதிக் குழுக் கூட்டம். இந்த ஒப்பீட்டு வேலையில் புதுமை இல்லை என்று ஒதுக்கினார்கள். கோபம் வந்தது. புது ஸ்கேன் முறை கண்டுபிடித்தவருக்குப் பேர் கிடைக்கட்டும், சரி. இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வருமா என்று பார்க்காத முறையை எந்த டாக்டர் நம்புவார்? சாஃப்ட்வேரைப் பழக்குவதும் இப்படிக் கையால் வரைந்த கோடுகளை வைத்துத்தானே.

மார்ச் 17, திங்கள்

மாணவி பழைய படங்களைப் பெயர் மறைத்து, வரிசை கலைத்து வைத்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து இருவரும் மறுபடி வரைவோம். போன தடவை எங்கே வரைந்தோம் என்பது நினைவில் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேரையும் மூன்றாவது ஆளாகச் சேர்க்கலாமா என்றாள். சேர்த்தாயிற்று.