ஸ்காராவைத் தெரியுமா?

இம்மானுவேல் 'ஸ்காரா' ங்கொபேசே. தென்னாப்பிரிக்காவின் கெய்சர் சீஃப்ஸ் கால்பந்து அணியில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர். இன்று சீஃப்ஸ் சட்டை போட்டுத் திரியும் டர்பன் சாட்ஸ்வொர்த் பையன்களிடம் கேட்டால், "அது யாருண்ணா?" என்கிறார்கள். சரி, சொல்கிறேன்.

பந்து காலுக்கு வந்தால் ஸ்காராவுக்கு அவசரமே கிடையாது. நிற்பார், பந்தின் மேல் காலைச் சுழற்றுவார், எதிராளியைக் கிட்டே வரவிடுவார். அப்புறம் அவன் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இங்கே அதை ஷிபோபோ என்பார்கள். கோல் விழுந்த மாதிரி கத்துவார்கள். வித்தை காட்டுகிறார், கோலுக்கு வழியைக் காணோம் என்று திட்டியவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கியவன் பார்க்கப் போனது அந்தக் காலைத்தானே!

2010 மே 11 அன்று இறந்துபோனார். காசநோய். வயது 29. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 11இல், ஜோகன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி மைதானத்தில் கால்பந்து உலகக் கோப்பை தொடங்கியது. அந்த ஆட்டத்தில் மெக்சிகோவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் கோல் அடித்த ஷபலாலாவும் அப்போது சீஃப்ஸின் நடுக்கள ஆட்டக்காரர்தான்.

காசநோய் நமக்குப் புதிதா என்ன? டர்பனில் அந்த நோயாளிகளுக்கென்றே ஃபோசா குடியிருப்பு இருந்ததைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் வினை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு கிளினிக்குக்குப் போங்கள். பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம்.