குட்டியானையில் வந்த டபுள் பேஸ்

பெரம்பூரில் ஒரு மாடி வீடு. ஹால் மூலையில், பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. விரிப்பை எடுத்ததும் அந்த அம்மா முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, உள்ளே ஏதோ உருளுது. எலி இல்ல, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்."

அவருடைய கணவர் கோடம்பாக்கம் ரெக்கார்டிங்குகளில் வாசித்தவர். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே டேக்கில் பாட்டை முடித்த காலம். பிறகு பேஸ் கிட்டார் வந்தது, அதற்குப் பிறகு கீபோர்டு வந்தது, கூப்பிடுவது குறைந்துபோனது. அவர் போனபிறகு, வயலின் குடும்பத்திலேயே பெரியதான அந்த டபுள் பேஸைத் தொட ஆளில்லை.

பத்து வருடமாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். டபுள் பேஸை வாங்கத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது. தெரிந்த இரண்டு சோதனைகளைச் செய்தேன். முதலில் முன்பலகையில் எஃப் எழுத்து மாதிரி வெட்டியிருக்கும் 'எஃப்' ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். வெட்டுவாயில் பிஸ்கட் அடுக்கு மாதிரி மூன்று வரி தெரிந்தது. அப்படியென்றால் பிளைவுட், செதுக்கிய கட்டை இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. செதுக்கிய பலகை சென்னை ஈரத்திலும் ஏசி ஹாலிலும் மாறி மாறி நின்றால் சீக்கிரம் விரிசல் விடும், பிளைவுட் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது, ஓரம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவது. பின்பக்கம் கீழ் வளைவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் 'டொக்' என்பதற்குப் பதிலாக 'சட்சட்' என்றது. ஒட்டு விட்டிருக்கிறது. உள்ளே உருண்டது சவுண்ட் போஸ்ட் என்று ஊகித்தேன், அது சரிதான்.

42,000 ரூபாய் சொன்னார். பேரம் பேச வாய் வரவில்லை. குட்டியானைக்கு 900. மாடிப்படித் திருப்பத்தில் அதைச் சுற்றி இறக்கிய கதையை விட்டுவிடுகிறேன், டிரைவர் "வீணைக்கு அண்ணனா சார்?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

முதல் வாரம் ஒட்டு வேலை. திருவல்லிக்கேணியில் வயலின், வீணை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை வீட்டுக்கே அழைத்துவந்தேன். நடுஹாலில் படுத்திருந்ததைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தம்பி, இது வாத்தியம் இல்ல, வீடு" என்றார். கையோடு வச்சிரம் கொண்டுவந்திருந்தார். தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பழைய பசையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்துத்தான் உருக்க வேண்டும், கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். நாற்றம் இரண்டு நாள் வீட்டில் இருந்தது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை வைத்தால் என்ன என்று கேட்டேன். "அடுத்து திறக்கிறவன் நம்மளைத் திட்டுவான்" என்றார். வச்சிரம் ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். பலகையைக் கிழிக்காமல் பிரித்து, மறுபடி ஒட்டலாம். அவ்வளவு பெரிய வாய் திறக்கும் கிளாம்ப் இல்லாததால் நீள போல்ட்டும் மரவட்டும் போட்டு இறுக்கி, ஓரங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம்.

இரண்டாம் வாரம் சவுண்ட் போஸ்ட். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் ஒரு குச்சி; பசை கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ஆன்மா என்றே சொல்கிறார்கள். இது விழுந்துகிடக்கும்போது தந்தியை முறுக்கவே கூடாது. நான்கு தந்தியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும், பலகை உட்கார்ந்துவிடும்.

லேத் பட்டறையில் ஒரு கம்பியை 'எஸ்' மாதிரி வளைத்து, ஒரு முனையைக் கூராக்கி வாங்கினேன். போஸ்ட்டை அதில் குத்தி, எஃப் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, நிமிர்த்தி, தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். இரண்டு சாயங்காலம் போனது. பாட்டரி சீரியல் லைட்டை உள்ளே விட்டு, பேஸைத் தரையில் தாங்கி அடியில் நிற்கும் கம்பியைக் கழற்றிய துளையில் கண்ணை வைத்தால்தான் போஸ்ட் நேராக நிற்கிறதா என்று தெரியும். உள்ளே ஆள் இல்லாத கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. பின்பலகையில் காசு அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு தெரிந்தது. பார்த்தேன், விட்டுவிட்டேன். இங்கேதான் தப்பு நடந்தது.

நான் படித்து வைத்திருந்த விதி இப்படி: எஃப் ஓட்டையின் உள்பக்க வெட்டுக்கு நேராகக் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நிற்க வேண்டும், அதன் ஜி தந்திப் பக்கக் காலுக்குச் (நான்கில் ஜி மெல்லியது, ஈ தடித்தது) சற்றுப் பின்னால் போஸ்ட் நிற்க வேண்டும். அப்படியே செய்தேன். குதிரை நின்ற இடத்தில் வார்னிஷில் இரண்டு ஜோடிக் கால்தடம் இருந்தது. விதிக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்தேன். மேல் நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் தந்திகள் ஏறி உட்காரும் கட்டை) குதிரைவரை 105 செ.மீ. முக்கால் சைஸுக்கு இயல்பான நீளம் (பெயர்தான் முக்கால், பெரியவர்கள் பெரும்பாலும் வாசிப்பது அதைத்தான்). குதிரை உயரம் அதிகம். விரல்பலகை முடியும் இடத்தில் ஈ தந்தி 14 மி.மீ. மேலே நின்றது, இரண்டு நாளில் விரல் கொப்பளித்தது. குதிரையின் தலையை வளைவு கெடாமல் இழைத்து ஈ 9, ஜி 6 என்று இறக்கினேன்.

வாசித்தால் மற்ற மூன்றும் பரவாயில்லை. ஈ மட்டும் ஈரச்சாக்கைத் தட்டின மாதிரி. தந்தி பழசு என்று முடிவுகட்டி 17,000 ரூபாய்க்குப் புது செட் போட்டேன். போஸ்ட் மறுபடி விழாமலிருக்க ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். புதுச்சாக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பித்தளை பீசோ வில்லை, 20 ரூபாய். ஜாக் பற்றவைத்து, கார்க் துண்டோடு குதிரையின் சிறகுப் பிளவில் செருகி, மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகக் குத்தினேன். தகர டப்பா! பேஸே இல்லை.

இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அந்த வில்லை மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர் மாதிரி, சுமார் 20 நானோஃபாரட். லைன் இன்புட் 10 கிலோ ஓம் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வடிகட்டிவிடும். ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஜியே 98தான். என் நாலு தந்தியும் வடிகட்டிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தியிருக்கின்றன. நடுவே 1 மெகா ஓம் இன்புட் உள்ள பஃபர் (இடையில் நிற்கும் ஒரு சின்னச் சர்க்யூட்) ஒன்றை வைத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிஎல்072 சிப், 9 வோல்ட் பாட்டரி, நாலு ரெசிஸ்டர், மிட்டாய் டப்பா. 150 ரூபாய்கூட ஆகவில்லை. டப்பாவின் தகரத்தை எர்த்தில் சேர்க்க மறந்து அரைநாள் 'உம்ம்' என்று ஓடியது தனி.

இப்போது பேஸ் வந்தது. வந்தபிறகு தெளிவாகக் கேட்டது என்னவென்றால், ஈ தந்தியின் மந்தம். ஸ்பீக்கரில் ஈரச்சாக்கு இன்னும் பெரிய ஈரச்சாக்கு.

விடை பக்கத்திலேயே இருந்தது. விரல்பலகையின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஐந்து புள்ளிகள், அந்த அம்மாவின் கணவர் வைத்தவை. நான் அவற்றைப் பார்த்து வாசிக்கும்போதெல்லாம் மேலே போகப்போகச் சுருதி ஏறியது. அவர் குத்துமதிப்பாக வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கி வாசித்த மனுஷன் குத்துமதிப்பாக வைப்பாரா? ஒரு ராத்திரி டேப்பை எடுத்து அளந்தேன். எட்டாம் சுரத்துப் புள்ளி மேல் நட்டிலிருந்து 53.5 செ.மீ.யில் இருந்தது. அது தந்தியின் சரிபாதியில் வர வேண்டும். அப்படியானால் அவருடைய தந்தி 107. நான் வைத்தது 105.

தந்தியைத் தளர்த்தி, குதிரையை 2 செ.மீ. கீழே, அந்த இன்னொரு ஜோடிக் கால்தடத்தில் நிறுத்தினேன். சீரியல் லைட்டை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தால், நான் கண்டுகொள்ளாத காசுத் தழும்பு இப்போது காலுக்குச் சற்றுப் பின்னால், இருக்க வேண்டிய இடத்தில். போஸ்ட்டை அதன்மேல் நகர்த்தினேன். முறுக்கி, ஈயை ஒரு தட்டு தட்டினேன். பீரோமேல் இருந்த எவர்சில்வர் தாம்பாளம் கூடவே அதிர்ந்தது.

தந்திக்குக் கொடுத்த 17,000 பற்றி வீட்டில் பேச்சு வேண்டாம்.

மேடை, போன மாதம், ஒரு ரிசப்ஷன். மூன்று பேர் குழு. பலகை போட்ட மேடை, அடியில் வெற்றிடம், பக்கத்திலேயே சப்வூஃபர். ஏ தந்தியைத் தொட்டதும் மேடையே ஊளையிட்டது. டபுள் பேஸ் பெரிய பெட்டியாயிற்றே, ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி மறுபடி பீசோ வில்லைக்கே ஊட்டுகிறது. அடியில் நிற்கும் கம்பி மேடைப் பலகையின் அதிர்வையும் ஏற்றிவிடுகிறது. சவுண்ட் சர்வீஸ் தம்பி "சார், வால்யூம் குறைச்சிடவா?" என்றார். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்று, சமையல்கட்டிலிருந்து கனமான ரப்பர் மிதியடி ஒன்றை மடித்துக் கம்பிக்கு அடியில் கொடுத்தேன். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொன்னேன், அங்கே எனக்குச் சுரம் எதுவும் இல்லை. ஸ்பீக்கருக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். முக்கால்வாசி அடங்கியது. மீதிக்குத் தம்பி, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்தினார், ஊளை நின்றது.

மழைக்காலத்தில் ஈ இன்னும் 1 மி.மீ. ஏறும் என்று பெரியவர் எச்சரித்திருக்கிறார், பார்ப்போம். ஒரு சின்ன வேலை மட்டும் முடிந்தது: ஐந்தாவது புள்ளி தேய்ந்துவிட்டிருந்தது, அக்கா மகளிடம் சிவப்பு நகப்பூச்சு கேட்டேன். "சிவப்பெல்லாம் யார் மாமா போடுறாங்க" என்று ஒரு சீசாவை நீட்டினாள். அந்த ஒரு புள்ளி மட்டும் இப்போது ஊதா, மினுக்கு வேறு.