லெய்டனில் ஓவியச் சுருள்களோடு ஒரு குளிர்காலம்

நெதர்லாந்தில் இருக்கும் லெய்டன் என்றாலே நம்மவர்கள் சோழர் செப்பேடுகளைத்தான் விசாரிப்பார்கள். நான் அங்கே போனது ஜப்பானுக்காக. சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு முதுகலைக்கு இடம் தேடியபோது இந்த ஊர்தான் கண்ணில் பட்டது. 1855இலேயே ஹோஃப்மன் என்பவரை ஜப்பானிய மொழிக்குப் பேராசிரியராக நியமித்த ஊர்.

வந்த புதிதில் ஒரே அலைச்சல். அறை கிடைக்க வேண்டும், கிடைத்தால்தான் நகராட்சியில் முகவரியைப் பதிய முடியும். எதிர்க்காற்றிலும் மழையிலும் சைக்கிள் மிதிக்கப் பழக வேண்டும். தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்தவர்களின் கடைகளில் பாகற்காய் கிடைக்கும் என்று தெரிந்ததும் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. பேச ஆளில்லாத கவலைதான் தீரவில்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில்தான், ஓர் அருங்காட்சியகக் கிடங்கில் சுருட்டி வைத்திருக்கும் ஜப்பானிய ஓவியங்களைக் கணக்கெடுக்க மாணவர்கள் வேண்டும் என்று துறையில் கேட்டார்கள். உடனே பெயர் கொடுத்தேன்.

அவ்வளவு ஓவியங்கள் அங்கே வந்த கதை பெரியது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டுமே ஜப்பான் வணிகத்துக்கு அனுமதித்தது, அதுவும் நாகசாகி துறைமுகத்தின் தெஜிமா என்ற சின்னத் தீவில். 1823இல் அங்கே மருத்துவராகப் போன சீபோல்ட் செடி, மீன், பாத்திரம், படம் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். நாட்டின் வரைபடங்களை வைத்திருந்ததற்காக 1829இல் வெளியேற்றப்பட்டார். கவஹாரா கெய்கா என்ற நாகசாகி ஓவியர் அவருக்காக மீனையும் நண்டையும் செதில் செதிலாக, கால் காலாக வரைந்து கொடுத்தவர். கல்யாணம், சாவு, திருவிழா என்று ஊர் வாழ்க்கையையும் வரைந்திருக்கிறார்.

இப்படி ஜப்பானிலிருந்து நெதர்லாந்துக்கு வந்தவற்றில் பலவற்றை அந்தக் காலத்தில் கலை என்று யாரும் பதியவில்லை, ஒரு நாட்டின் பழக்கவழக்கத்துக்குச் சான்று என்றுதான் பதிந்தார்கள். பழைய பதிவேட்டில் 'கொக்கு, பட்டுத் துணியில்' என்ற அளவில்தான் இருக்கும். யார் வரைந்தது என்ற இடம் காலி. வரைந்தவரோ ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, சிவப்பு முத்திரையும் வைத்திருப்பார். அதைப் படிக்க ஆள் இல்லாமலே சுருள் பெட்டிக்குள் கிடந்திருக்கும். எனக்கு இது மனசைப் பிசைந்தது. மாணவர்களை வைத்தாவது இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, கை கழுவித் துடைக்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். சுருளுக்குப் பாவ்லோனியா என்ற லேசான மரத்தில் செய்த பெட்டி இருந்தால் முதலில் மூடியின் எழுத்தைப் படம் எடுக்க வேண்டும். அப்புறம் கயிற்றை அவிழ்த்து, ஒருவர் மேல்பக்கத்தைப் பிடிக்க, இன்னொருவர் மேசைமேல் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பார். ஓவியத்தின் அளவு தனி, சுற்றியுள்ள துணியோடு சேர்த்த அளவு தனி. பைன் மரம் வரைந்த ஒரு சுருளுக்குக் கீழே விளக்கு வைத்துப் பார்த்தபோது, மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் பின்னால் மெல்லிய காகிதக் கீற்றுகள் ஒட்டியிருந்தது தெரிந்தது. பட்டு மேலும் உடையாமல் இருக்க, முன்பு யாரோ செய்த பழுதுபார்ப்பு. அவர் பெயரும் எங்கேயும் இல்லை. 'பழைய பழுது, நேர்த்தியானது' என்று எழுதினேன். 'நேர்த்தியானது' என்ற சொல் படிவத்துக்குத் தேவையில்லைதான், ஆனாலும் யாரும் அடிக்கவில்லை.

மனிதர்கள் பழக்கமானதும் அந்த மேசையைச் சுற்றித்தான். சுருள்களைப் பராமரிக்கும் அம்மையாருக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கோ வாயில் 'மேடம்'தான் வந்தது. ஜப்பானிலிருந்து வந்திருந்த நிபுணரை 'சென்செய்' (ஆசிரியரே) என்று அழைப்பதில் அந்தச் சிரமம் இல்லை. சாய்ந்த கையெழுத்து ஒன்றை அவரும் நாங்களும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்த மதியங்களில் வீட்டு ஞாபகம் வந்ததில்லை. பத்தரை மணிக் காபி இடைவேளையில் பராமரிப்பாளர் கறை, கிழிசல், பூஞ்சை, புழு அரிப்பு எல்லாவற்றுக்கும் டச்சுச் சொல் கற்றுக் கொடுத்தார். என் டச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த மாதம் முதலாண்டு மாணவர்கள் சேருகிறார்கள். சுருளை எவ்வளவு இறுக்கிச் சுற்றலாம், கயிற்றை எப்படி முடிவது என்பதை அவர்களுக்குக் காட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.