பேஸ்மன்ட் வெள்ளமும் ரொறன்ரோ மாநகரசபையின் மானியமும்

2024 யூலை 16ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவாகி, நகரின் டொன் வலி (Don Valley) நெடுஞ்சாலையும் நீரில் மூழ்கிய பின்னர், வீட்டு உரிமையாளர்களுக்கு மாநகரசபை வழங்கும் பேஸ்மன்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) வெள்ளத்தடுப்பு மானியம் பற்றிய பேச்சு எங்கள் உறவினர்களிடையே மறுபடியும் எழுந்தது. 2013 யூலை 8ஆம் திகதி 126 மில்லிமீற்றர் கொட்டித் தீர்த்தபோதும் இதே பேச்சுத்தான். ஆனால் பலரும் தொகையை மட்டுமே விசாரிக்கிறார்கள்.

தொகையையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 வெள்ளத்தின்போது இருந்த விதிகளின்படி, செலவில் 80 வீதம் திருப்பித் தரப்பட்டது: கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வுக்கு 1,250 டொலர், நிலத்தடி நீரிறைக்கும் பம்புக்கு 1,750 டொலர், அத்திவார வடிகுழாயைத் துண்டித்து மூடுவதற்கு 400 டொலர் என உச்சவரம்பு இருந்தது, ஆக ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 3,400 டொலர்.

இந்த மூன்றும் ஏன் ஒரே திட்டத்தில் இருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ளாமல் வால்வை மட்டும் பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கடும் மழையில் தெருவடிக் குழாய் நிரம்பியதும் வால்வின் மடல் மூடிக்கொண்டு வெளிக் கழிவுநீரை உள்ளே விடாமல் தடுக்கிறது, உண்மைதான். ஆனால், பல பழைய வீடுகளில் உள்ளதுபோல, அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த வடிகுழாயும் அதே கழிவுநீர்க் குழாயில் வால்வுக்கு உட்புறமாக இணைந்திருந்தால், மூடிய மடலைத் தாண்டிப் போக வழியில்லாத அந்த மழைநீர் பேஸ்மன்ட் தரையின் வடிகால் வழியே மேலெழும். எனவே அந்த இணைப்பைத் துண்டித்து, நீரைக் குழியொன்றில் சேர்த்துப் பம்பினால் வீட்டு வளவுக்குள் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. புயலோடு மின்சாரமும் போய்விடக்கூடும் என்பதால் பம்புக்கு மாற்றுப் பற்றரி வைப்பதும் நல்லது.

நிபந்தனைகளும் உண்டு. மாநகரசபை உரிமம் பெற்ற ஒப்பந்தகாரரே வேலையைச் செய்ய வேண்டும், வால்வுக்குக் கட்டட அனுமதி பெற வேண்டும், கூரைப் பீலிகளின் நீர் கழிவுநீர்க் குழாய்க்குள் போகக்கூடாது.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. இது முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் மானியம். வீட்டுக்கடன் தவணைக்கே திண்டாடும் குடும்பத்துக்கு அந்த முதல் செலவே தடையாகிவிடுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஒரு பகுதியையாவது முன்கூட்டியே கொடுத்தால் திட்டம் இன்னும் பலரைச் சென்றடையும். மேலும், விண்ணப்பிப்பவர் உரிமையாளர். ஆனால் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் எத்தனையோ பேஸ்மன்ட்களில் வாடகைக்குக் குடியிருப்பவை எங்கள் தமிழ்க் குடும்பங்கள். நனையப்போவது அவர்களுடைய கட்டிலும் உடுப்புகளும் என்பதால், வாடகைக்கு வருமுன்பே வால்வும் பம்பும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வால்வு இருக்கும் வீட்டில் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு: மடல் மூடியிருக்கும் நேரத்தில் அவர்கள் குளித்தாலோ சலவை இயந்திரத்தைப் போட்டாலோ, வெளியேற முடியாத அந்தத் தண்ணீர் கீழே குடியிருப்பவரின் தரையில்தான் வந்து நிற்கும்.