மார்பு என்றால் எது? மூட்டைப்பூச்சி நடத்திய கோடிங் வகுப்பு

சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். டாக்டர் எழுதும் நோய்க்குறிப்பைப் படித்து, அதற்கான எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை (கோட்) போடும் வேலை. இரவு ஷிஃப்ட். காலையில் பிஜி விடுதிக்குத் திரும்பி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். ஒருநாள் எழுந்தால் நைட்டியின் கழுத்துக்குக் கீழே, இடப்பக்கம், வரிசையாக மூன்று தடிப்பு. நடுநெஞ்சில் இன்னொன்று. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு.

அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன். "அக்கிடி இது! ஊருக்கு வா, குயவர் வீட்ல காவி வச்சு எழுதிட்டு வந்துரலாம்." எனக்கும் உள்ளூர அந்தப் பயம்தான். ஆனால் அக்கி எரியும், வலிக்கும், நீர்க்கொப்புளமாக ஒரே பக்கத்தில் பட்டையாகப் படரும். எனக்கு வலியே இல்லை, கொப்புளமும் இல்லை.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மா அரிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காய்ச்சல் இருக்காம்மா?" என்றார் முதலில். பிறகு அக்குள், மார்புக்கு அடியிலுள்ள மடிப்பு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்குக் கூச்சம். சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஏதும் தெரிகிறதா என்று தேடினாராம். காய்ச்சலோடு அது இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ். கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது, டாக்ஸிசைக்ளின் உடனே ஆரம்பிக்க வேண்டும். விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தார், அது சிரங்குக்காக.

"மூட்டைப்பூச்சிதான். போய் மெத்தைத் தையலைப் பாரு."

செட்டிரிசின் மாத்திரை, கலமைன் லோஷன், ஐஸ் ஒத்தடம், சில நாளைக்கு லேசான ஸ்டீராய்டு க்ரீம். சொறியக் கூடாது. சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் திரும்ப வர வேண்டும். மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால் கிளினிக் பக்கம் வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

மெத்தைத் தையலில் பேனா முனையால் வைத்ததுபோல வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பிஜி அக்காவிடம் காட்டினேன். "உன் பெட்டியிலதான் வந்திருக்கும்," என்றார்.

அதே வாரம் க்யூவில், அதாவது எங்கள் வேலை வரிசையில், அமெரிக்காவிலிருந்து ஓர் எமர்ஜென்சி சார்ட் (நோயாளிக் குறிப்பு) வந்தது. பெண் நோயாளி, 'ரைட் ஆன்டீரியர் செஸ்ட் வால், பக் பைட்'. இதில் என்ன இருக்கிறது என்று எஸ்20.161ஏ போட்டுத் தள்ளிவிட்டேன். ஆடிட்டில் சிவப்பாகத் திரும்பி வந்தது. நான் போட்டது வலது மார்பகத்தில் கடித்ததற்கான கோட். சார்ட்டில் இருந்ததோ நெஞ்சுக்கூட்டின் முன்சுவர், எஸ்20.361ஏ. தமிழில் இரண்டுக்குமே மார்பு என்றுதான் சொல்கிறோம். என் தலைக்குள்ளும் அவை ஒன்றாகத்தான் கிடந்திருக்கின்றன. நாங்கள் பார்த்துப் போடும் அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம் அப்படி விடாது. முன்சுவரில் வலது என்றால் 361, இடது 362, இருபுறமும் 363, நடு 364, பக்கம் எழுதப்படாவிட்டால் 369. முதுகுப்பக்கம் என்றால் எஸ்20.46 வரிசைக்கே போக வேண்டும்.

கூடவே எப்படி நேர்ந்தது என்பதற்கு டபிள்யூ57, மூன்று எக்ஸ், கடைசியில் ஏ. இது ஒருபோதும் முதல் வரியில் வரக் கூடாது. தேனீ, குளவி என்றால் விஷம். இந்தப் பக்கமே வராமல் டி63.4க்குப் (T63.4) போக வேண்டும். கடைசி எழுத்து ஏ என்பதை முதல் விசிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் டிஎல்தான் (டீம் லீடர்) திருத்தினார்: "எத்தனாவது தடவை வந்தாங்கன்னு பாக்காத. சிகிச்சை இன்னும் நடக்குதான்னு பாரு. ஆறிட்டு வர்றதைச் சும்மா பார்க்க வந்தா கடைசி எழுத்து டி (D)." கடித்த இடம் பழுத்து செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று) என்று டாக்டர் எழுதியிருந்தால் எல்03.313ம் சேரும். எழுதியிருந்தால் மட்டும். சிவந்திருக்கிறது என்ற ஒரு வார்த்தையை வைத்து நாமாக முடிவு கட்டக் கூடாது.

ஐந்தாம் நாள் தடிப்பு அமுங்கியது. கட்டிலை மொட்டைமாடிக்கு ஏற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசினோம். அடுத்த மாதம் ஒன்று மறுபடி தலைகாட்டியது. பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்த பிறகுதான் ஓய்ந்தது.

சும்மா இருந்த ஒரு சாயங்காலம் எனக்கு நானே கோட் போட்டுப் பார்க்கலாமென்று அந்த ஓபி சீட்டை எடுத்தேன். இடதில் மூன்று, நடுவில் ஒன்று. 362ம் 364ம் என்று மனசுக்குள் போட்டு முடித்தாயிற்று. சீட்டில் 'இன்செக்ட் பைட்' என்று மட்டும்தான் இருந்தது. இடமும் இல்லை, பக்கமும் இல்லை. எங்கள் க்யூவுக்கு வந்திருந்தால் விளக்கம் கேட்டு டாக்டரம்மாவுக்கு ஒரு க்வெரி போயிருக்கும்.