அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுகிறார்கள்

யங் அடல்ட் ஃபேண்டஸி என்கிறார்களே, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மந்திர தந்திரக் கதை, அந்த வகைக் கதையில் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண் இருப்பாள். அவளிடம் ஏதோ ஒரு சக்தி இருக்கும். முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கும். எல்லாம் இருக்கும், அம்மா மட்டும் இருக்க மாட்டாள்.

கொஞ்ச மாதமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகள், அதாவது என் மருமகள், சென்னையில் காலேஜ் படிக்கிறாள். லீவுக்கு வரும்போது துணிமணியைவிடப் புத்தகம்தான் அதிகம் தூக்கிக்கொண்டு வருவாள். திரும்பிப் போகும்போது, “அத்தை, உங்க அலமாரியிலேயே இருக்கட்டும். எங்கம்மா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடுவாங்க” என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவாள். எனக்குக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. மன்னார்குடியிலிருந்து தினமும் பஸ். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். கூட்ஸ் ஒன்று, அதற்குப் பின்னால் பாசஞ்சர் ஒன்று என்று வந்தால் எனக்கு ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். ஐம்பதைத் தாண்டினவள் அட்டையில் கத்தியும் கிரீடமும் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பதைப் பக்கத்து சீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். டோமி அடேயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் ப்ளட் அண்ட் போன்’ (2018) கதையில் ஸேலியின் அம்மாவை ராஜாவின் ஆட்கள் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஹாலி ப்ளாக்கின் ‘த க்ரூயல் பிரின்ஸ்’ (2018) கதையில் ஜூட் என்ற குழந்தையின் கண் முன்னாலேயே அம்மா, அப்பா இரண்டு பேரையும் வெட்டிச் சாய்க்கிறான் ஒருத்தன். அர்சுலா லெ க்வின் 1968-இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் கெட் என்கிற பையனுக்கு ஒரு வயது ஆவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிடுகிறாள். ஆசிரியர்கள் வேறு, கதை நடக்கிற நாடு வேறு, நடுவில் ஐம்பது வருஷ இடைவெளி. அம்மாவுக்கு மட்டும் எங்கேயும் ஆயுசு கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. அம்மா இருந்தால் பிள்ளை எப்படி வீட்டைவிட்டுக் கிளம்பும்? எங்கள் ஊரில் ஒரு பெண் டிராகன் மேல் ஏறிப் போகிறாள் என்று வையுங்கள். பாமணி ஆற்றைத் தாண்டுவதற்குள் அவள் அப்பாவுக்குப் போன் போயிருக்கும்: “ஏங்க, உங்க பொண்ணு மாதிரி இருந்துச்சே, இப்பதான் தலைக்கு மேல போச்சு.” நான் சின்ன வயதில் படித்த அம்புலிமாமா கதைகளில் இளவரசன் பெற்றவர்கள் காலில் விழுந்து எழுந்துதான் புறப்படுவான். அவர்களும் கையில் கட்டுச்சோற்றைக் கொடுத்து அனுப்புவார்கள். யாரையும் கொல்ல வேண்டிய அவசியம் அந்தக் கதை எழுதினவர்களுக்கு வரவில்லை.

ஆகவே நான் இப்போதெல்லாம் இந்தப் புத்தகங்களை ஒரே ஒரு கேள்வியோடுதான் திறக்கிறேன். பெரியவர்களை என்ன செய்து வைத்திருக்கிறார்கள்?

ஜூட் கதையில் ஹாலி ப்ளாக் செய்திருப்பது கெட்டிக்காரத்தனம். பெற்றவர்களைக் கொன்ற மேடாக்தான் ஜூடையும் அவள் சகோதரிகளையும் தேவதைகளின் நாட்டுக்குக் கொண்டுபோய், சோறு போட்டு, வாள் சுழற்றவும் கற்றுக்கொடுத்து வளர்க்கிறான். எதிரியின் ரத்தத்தில் தன் தொப்பியை நனைத்துப் போட்டுக்கொள்கிற சாதி அவன். அவனையே அப்பாவாக நினைக்காமல் இருக்க ஜூடால் முடியவில்லை. வெறுக்கவும் செய்கிறாள், அவன் மெச்சினால் உள்ளுக்குள் பூரித்தும் போகிறாள். அந்த நாட்டில் யாருக்கும் பொய் சொல்ல வராது. மனுஷப் பிறவியான இவளுக்கு வரும். அதை வைத்தே மேலே ஏறுகிறாள். பாதிப் புத்தகத்துக்குமேல் இளவரசன் கார்டனோடு முறைப்பதும் உருகுவதுமாகப் போகிறது. அதற்குத்தான் என் மருமகள் வயதுப் பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்கள் சீக்கிரம் புரண்டுவிட்டன. மேடாக் வரும் இடத்தில் மட்டும் நிதானமாகப் படித்தேன்.

ஸேலி கதையில்தான் எனக்கும் மருமகளுக்கும் சண்டை. “இதுலயும் அம்மாவ ஆரம்பத்துலயே முடிச்சுட்டாங்களே” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன். உடனே போன் வந்துவிட்டது. “அத்தை, அது வேற. பின்னாடி ஆசிரியர் குறிப்பு இருக்கு, அதைப் படிச்சீங்களா?” படித்தேன். அமெரிக்காவில் நிராயுதபாணியான கறுப்பின ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் போலீஸ் சுடுகிற செய்திகளைப் பார்த்துப் பார்த்து, அந்த பயத்திலும் கோபத்திலும் எழுதிய கதை என்கிறார் அடேயெமி. நைஜீரிய வம்சாவளிப் பெண் அவர். யோருபா தெய்வங்களின் பெயர்கள் கதை முழுக்க வருகின்றன. மந்திரம் கைவரக்கூடியவர்களுக்குத் தலைமுடி வெள்ளையாக இருக்கும். அந்த அடையாளத்தை வைத்தே ஏசுவார்கள், தலைக்கு இவ்வளவு என்று வரி ஏற்றிக்கொண்டே போவார்கள்.

அங்கே அம்மாவின் சாவு கதைக்கு வசதியாகச் செருகியது இல்லை, மருமகள் சொன்னது சரி. ஸேலி ஒவ்வொரு முடிவு எடுக்கும்போதும் அந்தச் சாவு குறுக்கே நிற்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்த ஜில்லாவில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் அதில் பிடித்தது. மாமா அக்பா என்று ஒரு கிழவி. பெயரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைக்க வேண்டாம், பாட்டிதான். பெண்பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுக்கிறாள். காவலர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெல்லாம் மறைந்து, கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் ஊசியும் துணியுமாகத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் இருப்பதாலோ என்னவோ, அந்த இடத்தை இரண்டாவது முறையும் படித்தேன். கடைசி நூறு பக்கம்தான் ஓட்டமும் சண்டையுமாக மூச்சு வாங்குகிறது. யார் எந்தப் பக்கம் என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

ஃபிலிப் புல்மேனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ (1995) பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. லைராவுக்கு அம்மாவும் உண்டு, அப்பாவும் உண்டு. அந்த அம்மாவைப் பார்த்த பிறகு, செத்துப்போன அம்மாக்களே தேவலை என்று ஆகிவிட்டது. தங்க நிறக் குரங்கோடு அவள் அறைக்குள் வந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கியது.

எர்த்ஸீ பழைய புத்தகம், மெல்லிசானது. கெட்டின் முதல் குரு யார் தெரியுமா? அவன் பெரியம்மாவோ சித்தியோ, செத்துப்போன அம்மாவின் உடன்பிறப்பு. ஊருக்குள் மந்திரம் பார்க்கிறவள். ஆட்டைக் கூப்பிட அவள் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டுபோய், ஏழு வயதுப் பையன் மலையில் கத்துகிறான். ஆடுகள் அத்தனையும் வந்து அவனை மொய்த்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கின்றன. ஊருக்குள்ளும் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவள்தான் விடுவிக்கிறாள். அதற்குப் பிறகு பையனைத் தனியாகக் கூப்பிட்டுவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய பெரிய மந்திரவாதிகள் எல்லாம் பின்னால் வருகிறார்கள். இந்தப் பொம்பிளையைக் கதை சீக்கிரமே மறந்துவிடுகிறது. அத்தையாகிய எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆனால் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கெட்டின் சிநேகிதன் ஒருவன் படகு கட்டுகிறவன். அவன் குழந்தை சாகக் கிடக்கிறது. காப்பாற்றக்கூடாத கட்டம் என்று கெட்டுக்குத் தெரியும். பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தாங்காமல், அந்தக் குழந்தையின் பின்னாலேயே சாவின் இருட்டுக்குள் இறங்கிவிடுகிறான். ஒரு தாழ்வான கல்சுவர். அதைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. கிட்டத்தட்டப் பிணமாகக் கிடக்கிற அவனை எழுப்புவது மந்திரம் இல்லை. அவன் வளர்க்கிற கீரிப்பிள்ளை அளவு பிராணி ஒன்று நாக்கால் நக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதைப் படிக்கும்போது பஸ் வலங்கைமானில் நின்றுகொண்டிருந்தது. பங்குனியில் அங்கே மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுப்பார்கள். சாவு வரைக்கும் போய்ப் பிழைத்தவரைப் பிணம் மாதிரியே பாடையில் படுக்கவைத்து, முன்னால் தீச்சட்டி போக, நாலு பேர் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். அதைச் சின்னதிலிருந்து பார்க்கிறவர்களுக்கு லெ க்வினின் அந்தக் கல்சுவர் ரொம்ப தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

பெற்றவர்களை உயிரோடு விட்டுவைத்தால் கதை எழுத முடியாதா என்றால், முடியும் என்று காட்டுகிறவர் நெடி ஒகோராஃபர். ‘அகாடா விட்ச்’ (2011) நடப்பது நைஜீரியாவில். சன்னிக்குப் பன்னிரண்டு வயது. நியூயார்க்கில் பிறந்தவள், பிறவியிலேயே நிறமில்லாத தோல், வெயிலில் ஃபுட்பால் ஆட முடியாத ஏக்கம். வீட்டில் கண்டிப்பான அப்பா, டாக்டர் அம்மா, அண்ணன்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். ராத்திரியில் மந்திரம் படிக்க வெளியே போகவேண்டுமானால் என்ன செய்வாள்? சாவித் துவாரம் வழியாக நழுவிப் போகக் கற்றுக்கொள்கிறாள்! இதைத்தான் சொல்கிறேன். அம்மா அப்பாவைக் கொன்றிருந்தால் இந்தச் சாவித் துவாரம் கிடைத்திருக்குமா? அந்த உலகத்தில் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் காசு ஆகாயத்திலிருந்து விழும். செம்புக்காசுக்குத்தான் மதிப்பு அதிகம், தங்கத்துக்குக் குறைவு. ஒரு கணக்கெழுதுகிறவளாக இந்த ஏற்பாட்டை நான் முழு மனசோடு ஆமோதிக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது டெர்ரி ப்ராட்செட்டின் ‘த வீ ஃப்ரீ மென்’ (2003). டிஃபானிக்கு ஒன்பதே வயது. சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடு வளர்க்கிற குடும்பம். வெண்ணெய் கடைவாள், பாலாடைக்கட்டி செய்வாள், எந்நேரமும் மிட்டாய் கேட்டு அழுகிற தம்பியை இடுப்பில் சுமப்பாள். ஆற்றிலிருந்து ஒரு பேய் எழும்புகிறது. ‘சூப் தட்டு அளவு கண்கள்’ என்று கதைப் புத்தகத்தில் படித்துவிட்டு, அடுக்களைக்குப் போய் சூப் தட்டை அளந்து பார்க்கிறாள்: எட்டு அங்குலம். அப்புறம் கையில் மிட்டாய்ப் பையோடு தம்பியைக் கரையில் உட்காரவைத்து, அவனையே தூண்டில் இரையாக்கி, பேய் பாய்ந்து வந்ததும் வாணலியால் ஒரே போடு. பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாய்க்காலும் குளமுமாக இருக்கிற ஊரில், தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போயிடும் என்று பயமுறுத்தியே வளர்த்த பிள்ளைகள் நாங்கள். ஒருத்திக்கும் வாணலி ஞாபகம் வரவில்லையே.

இதிலும் ஒரு சாவு இருக்கிறது, டிஃபானியின் பாட்டி. ஆனால் அம்மா, அப்பா, அக்காக்கள் எல்லாம் வீட்டில் இருக்க, குடும்பம் முழுக்க அந்தப் பாட்டியின் இடம் காலியாகத் தெரிகிறது. சக்கரம் வைத்த குடிசையில் ஆடுகளோடேயே வாழ்ந்தவள். எந்த வியாதிக்கும் டர்பன்டைன். அதிகம் பேசமாட்டாள். சின்ன வயதில் டிஃபானி சந்தையில் ஜெயித்த பீங்கான் பொம்மை ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்திருப்பாள்: ரிப்பன் கட்டின கவுன் போட்ட அழகான ஆடு மேய்ப்பவள். சாக்கைப் போர்த்திக்கொண்டு பூட்ஸ் காலோடு திரிகிற பாட்டி அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? தன்னைக் கேலி செய்வதாக நினைத்துவிட்டாளோ? இதைக் கேட்க இனி பாட்டி இல்லை. பேய்க்குப் பயப்படாத பெண்ணை இந்தக் கேள்வி புத்தகம் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கிறது.

பாட்டியை அடக்கம் செய்யும்போது கம்பளியில் ஒரு பிடி ஆட்டு ரோமத்தைக் குத்தி வைப்பார்கள். மேலே இருக்கிற சாமிகளுக்கு அது ஓர் அடையாளம்: இவள் மேய்ச்சல்காரி, ஆடு ஈனுகிற வேலையே சரியாக இருந்தது, கோயில் குளம் என்று வர நேரமில்லை, மன்னித்துக்கொள்ளவும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் கிடை போட வருவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் வயலில் அடைந்து கிடந்தால் அடுத்த நடவுக்கு உரம். அப்பா இருந்தவரை எங்கள் வயலிலும் போடுவார்கள். கூட்டத்தோடு ஒரு பெரியம்மா வருவார். புண்ணில் புழு வைத்த ஆட்டை மடியில் மடக்கிப் போட்டு, வேப்பெண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைப்பார். மாசி மகத்துக்கு நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது, “நீங்களும் வாங்க” என்று எங்கள் அம்மா கூப்பிடுவார். “நான் வந்துட்டா இதுகள யாரு பாக்குறது? எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாங்க தாயி” என்பார். இங்கிலாந்துக்காரர் எழுதிய கதையில் அந்தக் கிழவிக்கு சாமி முன்னால் சொல்ல ஒரு சமாதானம் எழுதி வைத்திருக்கிறார்.

மருமகளிடம் சொன்னேன்: டிஃபானி வரிசையில் மிச்சம் நாலு புத்தகமும் வேண்டும். ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ (2015) ஒன்றும் அனுப்பியிருந்தாள். திருடர்கள் கதை, விறுவிறுப்பு, ஆறு பேரில் யாரும் தன் வீட்டில் இல்லை. நான் அதைப் படிப்பதுதான் மெதுவாக நடக்கிறது.

“அத்தை, ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். டிஃபானி கடைசிப் புக் ப்ராட்செட் செத்தப்புறம் 2015-ல வந்துச்சு. அதுல முக்கியமான ஒருத்தர் போயிடுவாங்க.”

“யாருடி? கிழவியா?”

“சொல்ல மாட்டேன்.”

“கிழவியா இருந்தா எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். மத்த மூணு போதும்.”

“நாலும் சேத்து ஆர்டர் போட்டாச்சு அத்தை. வியாழக்கிழமை வந்துடும், வீட்ல இருங்க.”