விருந்தாளி எஞ்சின்: லாரி வருவதற்கு முன்னும் போன பின்னும்

பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் நடக்கும் நீராவி விழாக்களுக்குக் கூட்டம் சேர்ப்பது சொந்த ஷெட்டில் இருக்கும் எஞ்சின்கள் அல்ல. அவற்றை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று நாளுக்காக வேறு ஊரிலிருந்து வந்து நிற்கும் ஒன்றிரண்டு எஞ்சின்கள்தான் டிக்கெட் விற்கும். லாரி வாடகைதான் இதில் பெரிய தலைவலி என்று புதிதாக விழா நடத்துபவர்கள் நினைக்கிறார்கள். காசு அங்கேதான் கரைகிறது, சரி. ஆனால் விழா கெடுவது ஒரு வடிகட்டியிலோ, பிரேக்கின் வேக்வம் (வெற்றிடம்) காட்டும் ஒரு முள்ளிலோதான்.

எடுத்துக்காட்டாக, எல்.எம்.எஸ். என்ற பழைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் பிளாக் ஃபைவ் வகை நீராவி எஞ்சின். 1934 முதல் 1951 வரை 842 கட்டினார்கள், 18 மிஞ்சியிருக்கின்றன. வேலைக்குத் தயாராக நிற்கும்போது எஞ்சின் மட்டும் சுமார் 72 டன், பின்னால் மாட்டும் கரி, தண்ணீர் வண்டியான டெண்டர் 54 டன்னுக்குக் கிட்டத்தட்ட.

பேச்சு தொடங்கும்போதே பாய்லர் தாள்களைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பத்து வருட 'பாய்லர் டிக்கெட்' (பாய்லரை ஓட்டலாம் என்ற சான்று) இருக்கிறது என்றால் போதாது. ஆண்டுதோறும் ஆய்வாளர் ஒரு முறை குளிர்ந்த நிலையிலும் ஒரு முறை ஆவியோடும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தத் தேதி விழாவின் நடுவே முடிந்தால் எஞ்சின் காட்சிப்பொருள்தான்.

அடுத்தது அளவு. கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் பாதைகளில் பல, அதன் பொறியாளர் புரூனெலின் ஏழடி அகலப் பாதைக்காகத் தாராளமாக வெட்டப்பட்டவை. அதனால் அந்தக் கம்பெனி எஞ்சின்களில் வெளி சிலிண்டர்கள் இருபுறமும் நன்றாகவே புடைத்திருக்கும். பிற கம்பெனிகளின் பிளாட்பாரத்தில் அவை விளிம்பை உரசும். வரைபடத்தை நம்பாமல், வளைவில் இருக்கும் பிளாட்பாரங்களை நாடா வைத்து அளந்துவிடுவது நல்லது. பல வருடங்களாகச் சரளை கொட்டிக் கொட்டித் தண்டவாளம் நகர்ந்திருக்கும். சக்கரங்களின் உட்பக்க இடைவெளியையும் பாருங்கள், சுமார் 1360 மி.மீ. இருக்க வேண்டும். கூடினால், தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கின் கூர்முனையில் சக்கர விளிம்பு இடிக்கும். குறைந்தால், சக்கரத்தை வழிநடத்தத் தண்டவாளத்தை ஒட்டிப் போட்டிருக்கும் செக் ரெயிலில் உரசும்.

இனி சாலை. பாய்லரையும் டெண்டரையும் காலி செய்தே ஏற்ற வேண்டும். 4000 காலன் டெண்டரில் தண்ணீர் மட்டும் 18 டன். அப்படியும் லாரியோடு சேர்த்தால் மொத்தம் 80 டன்னைத் தாண்டிவிடும். அப்போது போலீசுக்கு இரண்டு முழு வேலை நாள், சாலை, பாலம் பொறுப்பாளர்களுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு தேவை. உயரமும் ஒரு தொல்லை. 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைவான பாலத்தில்தான் உயரப் பலகை இருக்கும், ஆகவே புகைபோக்கி உச்சியை லாரி மேல் ஏற்றிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். (நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சின்களுக்கும் இதே கதிதான். சுற்றிலும் அகலப் பாதை என்பதால் பெரிய பழுதுக்குப் பொன்மலைப் பணிமனைக்குப் போக வேண்டுமென்றால் லாரிதான்.)

இறக்கும்போது பலர் மறப்பது பிரேக். பிளாக் ஃபைவின் கைப்பிரேக் டெண்டரில் இருக்கிறது. எஞ்சினில் இருப்பது ஆவிப் பிரேக். ஆவி இல்லையென்றால் அதுவும் இல்லை. டெண்டரைக் கழற்றிய எஞ்சினை, லாரியிலிருந்து தண்டவாளத்துக்கு இறங்கும் சரிவில் பிடித்து நிறுத்துவது வின்ச் கயிறும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையும் மட்டும்தான். கட்டை வைப்பவர் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது. சிலிண்டர் வடிகுழாய்கள் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளி எஞ்சின் வெட்டி வெட்டி நகரும். சரிவு மடியும் இடத்தில் சாம்பல் தட்டும் பிரேக் கம்பிகளும் தரையைத் தொடுகின்றனவா என்று ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

டெண்டரை மாட்டித் தண்ணீர் நிரப்பியதும் சத்தமில்லாமல் ஒரு வம்பு தொடங்கும். காலியாகக் குலுங்கி வந்த தொட்டியின் அடியிலிருந்த துருச்செதில் எல்லாம் கலங்கி, பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டருக்குப் போகும் வழியிலுள்ள வடிகட்டியை அடைக்கும். முதல் நாள் ஓட்டத்தில் ஏற்றத்தில் இன்ஜெக்டர் தண்ணீர் பிடிக்காமல் துப்புவதற்கு இதுவே பழைய காரணம். நிரப்பிச் சில மணி நேரம் விட்டு வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். ஆவி ஏறியதும் இரண்டு இன்ஜெக்டரையும் சோதியுங்கள், ஒன்று வேலை செய்தால் போதும் என்று விடாதீர்கள்.

நெருப்பு மெல்லப் பிடிக்க வேண்டும். முந்தின நாளே சிறு தீ போட்டு இரவு முழுக்கச் சூடேற விடுவது வழக்கம். அவசரப்பட்டால் நெருப்பு எரியும் அறையான ஃபயர்பாக்ஸும் வெளித்தகடும் வேறுவேறு வேகத்தில் விரியும், குழாய் முனைகள் கசியும். பாய்லர் நீரில் போடும் மருந்து ஷெட்டுக்கு ஷெட் மாறும், அதனால் உரிமையாளர் சொல்வதே சட்டம். கரைந்த உப்பு அளவு மீறினால் நீர் நுரைத்து ஆவியோடு சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டர் மூடிதான் உடையும்.

கரியும் இப்போது பழைய மாதிரி இல்லை. 2023 நவம்பரில் தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-அ-ஃப்ரான் சுரங்கம் மூடிய பிறகு பல பாதைகள் இறக்குமதிக் கரியை நம்பியிருக்கின்றன. அந்தக் கரியில் அந்த எஞ்சினை முன்பே ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் பயணிகளை ஏற்றுவது சூதாட்டம்.

வேக்வம் விவகாரத்தைக் கடைசியில் வைத்தாலும் அதுதான் விழா நேரத்தைத் தின்னும். வண்டி நெடுக ஓடும் குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் தளர்ந்திருக்கும், குழாயில் காற்று புகுந்தால் பிடிக்கும். கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின் 25 அங்குல (பாதரச அளவு) வெற்றிடத்தில் பிரேக்கைத் தளர்த்தும், மற்றவை 21-இல். 25-இல் வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே பெட்டிகளில் பிளாக் ஃபைவை மாட்டினால், பெட்டியின் பிரேக் சிலிண்டரில் 25 தங்கியிருக்கும், குழாயில் 21தான் கிடைக்கும். அந்த 4 அங்குல வித்தியாசம் பிரேக்கை லேசாகப் பிடித்தே வைத்திருக்கும். டிரைவருக்கு முள் சரியாகத் தெரியும், வண்டி மட்டும் கனக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் கயிற்றை இழுத்துக் காற்றை அந்தச் சிலிண்டருக்குள் விட்டால்தான் பிரேக் விடும். ஒரு நாளில் பல முறை எஞ்சின் மாறும் விழாவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்வது கொடுமை. விழாவுக்கு வரும் எல்லா எஞ்சினையும் முன்பே 21-க்கு அமைத்துவிடுவதுதான் என் பரிந்துரை.

ஞாயிறு மாலை விழா முடிந்ததும் இன்னொரு தவறு காத்திருக்கிறது: திங்கள் காலைக்கு லாரி சொல்லியிருப்பது. பாய்லர் தானாக ஆறுவதற்கே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சூட்டோடு வடித்தால் உள்ளே சேறு தகட்டில் சுட்டு ஒட்டும், குழாய் முனைகளும் கெடும். பாய்லரின் முன்புறப் புகை அறையான ஸ்மோக்பாக்ஸில் குவிந்த கரித்தூளுக்கு அடியில் கங்கு உயிரோடு இருக்கும், மேலே கை வைத்தால் தெரியாது. கம்பியால் அடிவரை கிளறித் தண்ணீர் ஊற்றி அள்ளிய பிறகே ஏற்ற வேண்டும். லாரியைப் புதன்கிழமைக்குச் சொல்லுங்கள்.